பழைய அவுட்போர்டு மோட்டார்ல இழுவை இல்லையா, கிருஷ்ணகிரி பழையபேட்டை பக்கம் இருக்குற இந்தப் பட்டறையில காட்டுங்க

எங்ககிட்ட இருக்குறது 15 ஹெச்பி, ரெண்டு சிலிண்டர் டூ ஸ்ட்ரோக் மோட்டார். கடலூர்ல செகண்ட் ஹேண்டா வாங்கி கிருஷ்ணகிரி கேஆர்பி டேம்ல ஃபைபர் படகுல மாட்டி வலை போட போயிட்டிருக்கோம். வாங்குனப்ப ரெண்டு பேர் ஒக்காந்தாலும் மூக்கத் தூக்கிட்டுப் போகும், ஐப்பசிக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா இழுவை கொறஞ்சு, டேம் நெறஞ்சு காத்து அடிக்கிற நாள்ல பெரியமுத்தூர் கரைக்கு வந்து சேர்றதே பாடாயிடுச்சு, முழு ஆக்சிலேட்டர் குடுத்தாலும் தண்ணியத் தள்ளிகிட்டே ஊர்ந்துதான் வரும்.

மொதல்ல வேற ஊர்ல ஒருத்தர்கிட்ட தூக்கிட்டுப் போனோம். கயித்த ரெண்டு தடவ இழுத்துப் பாத்துட்டு பிஸ்டன் தேஞ்சுபோச்சு, சிலிண்டரக் கடைஞ்சு போர் பண்ணணும், 14,000 ஆகும்னு சொல்லிட்டார், சிலிண்டர் அழுத்தத்த அளக்குற கம்ப்ரஷன் கேஜ்கூட வைக்கல. எங்களுக்கு அது ஒரு சீசன் வலைக்காசு. மனசு ஒப்பாம திருப்பித் தூக்கிட்டு வந்தப்பதான் ஊர்ல ஒரு அண்ணன் இந்தப் பட்டறையச் சொன்னார்.

போர்டு எதுவும் கெடையாது, மாந்தோப்புக்கு மருந்தடிக்கிற பவர் ஸ்ப்ரேயர் வரிசையா வெளிய நிக்கும், அதான் அடையாளம். பட்டறைக்காரருக்கு அம்பது வயசுக்கு மேல இருக்கும், டூ ஸ்ட்ரோக் இஞ்சின்லயே காலம் போட்டவர். வந்ததும் ஸ்பானர எடுக்கல. கைப்பிடிய முழுசா திருகச் சொல்லி, உள்ள கார்ப்பரேட்டர் தட்டு முழுசா தெறக்குதான்னு டார்ச் அடிச்சுப் பாத்தார். கேபிள் தளந்துபோயி பாதிதான் தெறக்குற மோட்டார நெறைய பாத்திருக்காராம். நம்மளது சரியாத்தான் இருந்துச்சு. அப்புறம் ரெண்டு பிளக்கையும் கழட்டி ஆக்சிலேட்டர முழுசா தொறந்து வெச்சு கேஜ் மாட்டி இழுத்தார், மேல் சிலிண்டர்ல 108 பிஎஸ்ஐ அழுத்தம், கீழ் சிலிண்டர்ல 104. "தம்பி, பிஸ்டன் நல்லா இருக்கு, ரெண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்ல, இத யாரு போர் பண்ணச் சொன்னது"ன்னார். அந்த நிமிசம் எனக்கு எவ்ளோ பாரம் எறங்குச்சுன்னு சொல்ல முடியாது.

அடுத்து டிரம்ல தண்ணி ஊத்தி மோட்டார எறக்கி ஓட விட்டார். தண்ணி இல்லாம ஓட்டவே கூடாது, இஞ்சின் சூடு தணிக்க தண்ணி இழுக்குற ரப்பர் இம்பெல்லர் கருகிடும். ரப்பர் கைப்பிடி போட்ட குறடுல ஒவ்வொரு பிளக் ஒயரா எடுத்து எர்த்துல வெச்சார். மேல சிலிண்டர் ஒயர எடுத்தா மோட்டார் நின்னுபோற மாதிரி தவிக்குது, கீழத எடுத்தா சத்தமே மாறல. அதாவது இத்தன நாளும் ஒரே சிலிண்டர்லதான் டேம சுத்தியிருக்கோம். ஒயர சும்மா அந்தரத்துல தொங்க விட்டு இந்த டெஸ்ட்ட பண்ணாதீங்க, பிளக்குக்கு கரண்ட் குடுக்குற காயில் போயிடும், ஷாக்கும் அடிக்கும்னு ரெண்டு தடவ சொன்னார். கீழ பிளக் கேப்ப உருவுனா உள்ள இருக்குற ஸ்பிரிங் பச்சையா பூத்து, விரல்ல தேய்ச்சா மாவாட்டம் உதுருது. காயில் எர்த் போல்ட்டும் துருவேறி ஆடிட்டிருந்துச்சு. எல்லாம் கடல் உப்பு. ஒயர் நுனிய வெட்டி புது கேப் போட்டு, போல்ட்ட சுரண்டி முறுக்குனார், அவ்ளோதான்.

ஆனா எனக்கு இவர் மேல மதிப்பு வந்தது அதுக்கப்புறந்தான். டிரம்ல நல்லா ஓடுறத வெச்சு காச வாங்கிட்டு அனுப்பியிருக்கலாம். லோடு ஏறுனாத்தான் நெசம் தெரியும்னு அவரே டேமுக்கு வந்தார். பத்து நிமிசம் பிச்சுகிட்டுப் போச்சு, அப்புறம் மறுபடி சோர்ந்துச்சு. டேங்க் மூடியில இருக்குற காத்து திருகு தொறந்திருக்கான்னு பாத்துட்டு, ஓடுறப்பவே பெட்ரோல் ஹோஸ்ல இருக்குற, கையால அமுக்கி பெட்ரோல் தள்ளுற ரப்பர் பல்ப அமுக்குனார், ஒடனே வேகம் எடுத்துச்சு, விட்டா எறங்குச்சு. அப்ப பெட்ரோல் பத்தாமதான் சாகுது. கரைக்கு வந்து ஹோஸ நீளவாக்குல பிளேடால கீறிக் காட்டுனார், வெளிய புதுசு மாதிரி இருக்கு, உள்தோல் மட்டும் உரிஞ்சு நாக்கு மாதிரி வழிய மறைச்சிட்டிருக்கு. இப்ப பங்க்ல வர்ற 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல பழைய ரப்பர் தாங்காது, அதுக்கு ஏத்த ஹோஸா போடணும், வாரக்கணக்கா டேங்க்ல தேக்கி வைக்காதீங்க, எத்தனால் தண்ணிய இழுத்துக்கும்னார்.

இப்ப பழையபடி மூக்கத் தூக்குது. கடலோரத்துல இருந்த அளவுக்கு முழுசா வராதாம், நம்ம ஊர் ஏறக்குறைய 500 மீட்டர் ஒசரம், காத்து லேசா இருக்குறதால அஞ்சு சதவீதம் போல பவர் கொறையத்தான் செய்யும்னு ஒளிக்காம சொல்லிட்டார்.

மொத்தம் ஆனது 2,350, ஹோஸும் பல்பும் சேத்து. கொற சொல்லணும்னா போனே எடுக்க மாட்டார், பில் கெடையாது, ஹோஸ் வெளியூர்ல இருந்து வர ஒம்போது நாள் ஆச்சு, அத மொதல்லயே சொல்லியிருந்தா வாடகைக்கு பரிசல் பேசியிருப்போம். அஞ்சுக்கு நாலரை தாராளமா தரலாம்.

போறவங்க மார்கழி, தை, மாசில போகாதீங்க, மாம்பூவுக்கு மருந்தடிக்கிற சமயம், ஸ்ப்ரேயர் வேலையே தலைக்கு மேல கெடக்கும். மோட்டார மட்டும் தூக்கிட்டுப் போகாம டேங்க், ஹோஸ் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, நாங்க மொத தடவ அத வீட்லயே விட்டுட்டுப் போனதாலதான் ரெண்டாவது கோளாறு பட்டறையில தெரியாம போச்சு.