நான்கு செயலியும் ஒரு மீட்டரும்: பெங்களூரு ஆட்டோவில் யாரை நம்பி ஏறுவது?

நாங்கள் அல்சூரில் குடியிருக்கிறோம். ஈரோட்டிலிருந்து அத்தை வரும்போதெல்லாம் வீட்டில் ஒரு பேச்சு கிளம்பிவிடும்: எதில் ஆட்டோ போடுவது? என் போனில் ஓலா, ஊபர், ராபிடோ, நம்ம யாத்ரி நான்கும் இருக்கின்றன. தெருமுனையில் ஆட்டோ ஸ்டாண்டும் இருக்கிறது. இந்த ஐந்தையும் இரண்டு வருடமாக மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். எது மலிவு என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. இன்றைக்கு ஒன்றில் பத்து ரூபாய் குறைவு, நாளைக்கு அதிலேயே இருபது ரூபாய் அதிகம். அதனால் விலையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதை விட்டுவிட்டேன். இப்போது நான் கேட்பது இரண்டே கேள்வி. இந்தக் கம்பெனி யாரிடம் காசு வாங்குகிறது? ஏதாவது தப்பு நடந்தால் யார் பதில் சொல்வது?

அதற்கு முன்னால் மீட்டர் கணக்கைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது தெரியாமல் எந்தச் செயலியையும் எடை போட முடியாது. 2025 ஆகஸ்ட் 1 முதல் பெங்களூருவில் முதல் 2 கிலோமீட்டருக்கு 36 ரூபாய், அதன்பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய். அதுவரை 30, 15 என்று இருந்தது. இரவு 10 மணியிலிருந்து காலை 5 மணி வரை ஒன்றரை மடங்கு. 20 கிலோ வரை சாமானுக்குத் தனியாகக் காசு கிடையாது. ஆக 6 கிலோமீட்டர் போனால் பகலில் 108 ரூபாய், இரவில் 162. இந்த இரண்டு எண்ணும் மனதில் இருந்தால், பட்டப்பகலில் செயலி 175 காட்டும்போது விரல் கொஞ்சம் தயங்கும். தயங்கவேண்டும்.

இந்த ஊரில் சண்டையே இங்கேதான் தொடங்கியது. செயலிகளில் பக்கத்துத் தெருவுக்குப் போனாலும் 100 ரூபாய் ஆகிறது என்று புகார் குவிந்தது. 2022 அக்டோபரில் கர்நாடகப் போக்குவரத்துத் துறை ஓலா, ஊபர், ராபிடோ மூன்றையும் ஆட்டோ சேவையை நிறுத்தச் சொன்னது. விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. நவம்பரில் அரசு, மீட்டர் கட்டணத்துக்கு மேல் 5 சதவீதம் சேவைக் கட்டணமும் ஜிஎஸ்டியும் வாங்கிக்கொள்ளலாம் என்று வரம்பு போட்டது. 2024 மே மாதம் நீதிமன்றமும் அது சரி என்றது. 108 ரூபாய்க்கு 5 சதவீதம் என்றால் ஐந்து ரூபாய் சில்லறை. ஜிஎஸ்டி போக, மீட்டருக்கு மேல் அவ்வளவுதான் அவர்கள் வாங்கலாம்.

அதே 2022 நவம்பரில்தான் நம்ம யாத்ரி வந்தது. பணப் பரிமாற்றத் தொழில்நுட்பம் செய்யும் ஜஸ்பே நிறுவனமும் இங்குள்ள ஆட்டோ ஓட்டுநர் சங்கமும் சேர்ந்து கொண்டுவந்தது. கமிஷன் கிடையாது என்பதுதான் அதன் பேச்சு. முதலில் ஓட்டுநரிடம் எதுவுமே வாங்கவில்லை. 2023இல் சந்தா வைத்தார்கள்: நாளுக்கு 25 ரூபாய் கட்டி எத்தனை சவாரி வேண்டுமானாலும் ஓட்டலாம், இல்லையென்றால் சவாரிக்கு மூன்றரை ரூபாய். ஒரு நாளைக்கு 1,500 ரூபாய் ஓட்டும் ஒருவரைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 20 சதவீதம் கமிஷன் என்றால் 300 ரூபாய் போய்விடும். 5 சதவீதம் என்றாலும் 75. சந்தாவில் 25. ஓட்டுநர்கள் ஏன் அங்கே போனார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. நான் அதை முழுமனதோடு வரவேற்றேன், இப்போதும் வரவேற்கிறேன். நாள் முழுக்கப் புகையிலும் நெரிசலிலும் உட்கார்ந்து ஓட்டுகிறவர் கையில் காசு நிற்கவேண்டும்.

அப்புறம் மற்றவர்களும் அதே வழிக்கு வந்தார்கள். ராபிடோ 2024இல் ஆட்டோவுக்குச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. 2025 பிப்ரவரியில் ஊபர், ஜூனில் ஓலா. இன்றைக்கு நான்கு செயலியும் ‘கமிஷன் இல்லை’ என்றுதான் சொல்கின்றன. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பயணியின் பக்கம் இதனால் ஒன்று மாறிவிட்டது. கமிஷன் வாங்கிய காலத்தில் ஒவ்வொரு சவாரியிலும் கம்பெனிக்குப் பங்கு இருந்தது. ஓட்டுநர் கூடுதலாகக் கேட்டால், பாதி வழியில் இறக்கிவிட்டால், அவர்களைப் பிடித்துக் கேட்கலாம். இப்போது கம்பெனிக்கு வாடிக்கையாளர் ஓட்டுநர்தான். நாம் அவருடைய வாடிக்கையாளர். கம்பெனிக்கும் நமக்கும் நடுவில் காசு கைமாறவே இல்லை.

ஊபர் இதை மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொன்னது. ஆட்டோவுக்கு நாங்கள் காட்டுவது ஒரு உத்தேசத் தொகைதான், இறுதித் தொகையை நீங்களும் ஓட்டுநரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், பணத்தை ரொக்கமாகவோ யூபிஐயிலோ அவரிடமே கொடுத்துவிடுங்கள், கட்டணத் தகராறில் நாங்கள் தலையிட மாட்டோம். ஊபர் கணக்கில் சேர்ந்திருக்கும் தள்ளுபடியும் ஆட்டோவுக்குச் செல்லாது. நேர்மையாகச் சொன்னார்கள் என்ற அளவில் மதிக்கிறேன். ஆனால் தெருவில் நின்று பேரம் பேசத் தயங்கித்தானே என்னைப் போன்றவர்கள் செயலிக்கே போனோம்? “மேல முப்பது போட்டுக் குடுங்க” என்ற பேச்சிலிருந்து தப்பிக்கப் போனவர்களை மறுபடியும் அந்த இடத்திலேயே கொண்டுவந்து நிறுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை.

போன வருடம் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். செயலியின் பெயர் வேண்டாம். சாந்திநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து அத்தையை ஆட்டோவில் கூட்டிவந்தேன். நல்ல மழை. வாசலில் அவசரமாக இறங்கி, காசை யூபிஐயில் போட்டுவிட்டு உள்ளே ஓடினோம். மஞ்சப்பை ஒன்று சீட்டுக்குப் பின்னாலேயே இருந்துவிட்டது. அதில்தான் அத்தையின் சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, டாக்டர் சீட்டு எல்லாம். செயலி வழியாக ஓட்டுநரைக் கூப்பிட்டால், சவாரி முடிந்துவிட்டதால் இணைப்பு போகவில்லை. கஸ்டமர் கேர் என்ற இடத்தில் மனிதர் யாரும் இல்லை, எழுதிவைத்த பதில்கள்தான் வந்துகொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் கழித்து வந்த செய்தி: பொருள் தொலைந்திருந்தால் ஓட்டுநரை நேரடியாகத் தொடர்பு கொள்ளவும். எப்படி என்று சொல்லவில்லை.

அத்தை பதறவில்லை. “வண்டி நம்பர் இருக்குதா கண்ணு? ஸ்டாண்டுல கேளு” என்றார். சவாரி விவரத்தில் எண் இருந்தது. தெருமுனை ஸ்டாண்டில் இருபது வருடமாக ஓட்டும் அண்ணனிடம் கொடுத்தேன். அவர் அதை ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். இரண்டு மணி நேரத்தில் அந்த ஆட்டோ வாசலில் நின்றது. ஓட்டுநர் ஸ்ரீராமபுரத்துக்காரர், தமிழ்தான். “நானும் உங்களுக்கு அடிச்சுப் பார்த்தேன்க்கா, லைன் போகல. கம்பெனிக்கு அடிச்சா சந்தா கட்டுங்கன்னுதான் வருது” என்றார். வண்டிக்கு கேஸ் போட வைத்துக்கொள்ளுங்கள் என்று நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்க மறுத்தார், அத்தைதான் அவர் கையில் திணித்தார்.

அன்றிலிருந்துதான் ‘யார் பதில் சொல்வது’ என்ற கேள்வியை முதலில் வைக்கிறேன்.

இந்தக் கேள்வியோடு பார்த்தால் ஓலாவின் பழைய பழக்கம் ஒன்று உறுத்துகிறது. பணம் திரும்பத் தரவேண்டி வந்தால் அதைக் கூப்பனாகத்தான் கொடுத்தார்கள், அடுத்த சவாரிக்கு மட்டும் செல்லும்படி. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தலையிட்டு, வங்கிக் கணக்கில் வேண்டுமா கூப்பன் வேண்டுமா என்பதைப் பயணியே தேர்ந்தெடுக்கட்டும் என்று உத்தரவிட்டது. ஆட்டோ சவாரிக்கு ரசீது தராமல் இருந்ததையும் அதே உத்தரவில் மாற்றச் சொன்னது. நம் காசை நமக்குத் திருப்பித் தருவதற்கே ஒரு ஆணையம் சொல்லவேண்டியிருந்தது. ரசீது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், ஆனால் அது இல்லாமல் எந்தப் புகாரும் நிற்காது.

ராபிடோவின் கதை வேறு. பைக் டாக்ஸியில் தொடங்கிய பெங்களூரு நிறுவனம். 2025 ஜூன் 16 முதல் கர்நாடகத்தில் பைக் டாக்ஸியை நிறுத்தவேண்டி வந்தபோது அதிகம் அடி வாங்கியதும் அதுதான். என் அனுபவத்தில் வண்டி சீக்கிரம் கிடைப்பது இதில்தான். ஆனால் ‘5 நிமிடத்தில் ஆட்டோ, இல்லையென்றால் 50 ரூபாய்’ என்று விளம்பரம் செய்தார்கள் அல்லவா? அந்த ஐம்பது ரூபாய் பணமாக வராது. ஐம்பது வரை ராபிடோ காயின் வரும், அதையும் பைக் சவாரிக்கு மட்டும், ஏழு நாளுக்குள் செலவழிக்கவேண்டும். நிபந்தனைகள் கண்ணுக்குத் தெரியாத எழுத்தில். 2025 ஆகஸ்டில் அதே ஆணையம் 10 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது, ஏமாந்தவர்களுக்கு 50 ரூபாயையும் முழுதாகத் திருப்பிக் கொடுக்கச் சொன்னது. இந்த உத்தரவு எனக்கு மிகவும் நிறைவாக இருந்தது. ஐம்பது ரூபாய்க்காக யாரும் வழக்குப் போட மாட்டார்கள் என்ற தைரியத்தில் போட்ட விளம்பரம் அது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம்ம யாத்ரியிலும் குறை உண்டு. முன்கூட்டியே டிப்ஸ் கேட்கும் வழக்கத்தைச் சொல்கிறேன். ஆட்டோ தேடும்போதே, கூடக் கொஞ்சம் சேர்த்தால் சீக்கிரம் கிடைக்கும் என்று பத்து, இருபது, முப்பது பொத்தான்கள் வரும். 2025 மே மாதம் இதற்காக ஊபருக்கு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. வண்டி வருவதற்கு முன் டிப்ஸ் கேட்பது சுரண்டல் என்று மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷியே சொன்னார். ஆனால் அந்த வழக்கம் மற்றச் செயலிகளிலும் இருந்தது, நம்ம யாத்ரியிலும்தான். அரசு மீட்டர் கட்டணத்தை அடிப்படையாக வைத்து வந்த செயலி, அதன் மேல் ஏலம் விடுவதை எப்படிச் சரி என்று சொல்கிறது? மழை நாளில் முப்பது சேர்க்க முடியாத ஒரு வீட்டுவேலை செய்யும் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமென்றால் காத்துக்கொண்டே இருக்கவேண்டியதுதான். டிப்ஸ் என்பது இறங்கும்போது மனம் நிறைந்து கொடுப்பது. ஏறுவதற்கு முன் கேட்டால் அது கட்டணம்தான். அதை மீட்டர் கணக்கில் சேர்த்துக் காட்டுங்கள், வேண்டுமா வேண்டாமா என்று நான் முடிவு செய்கிறேன்.

ஆனால் ஒன்றில் நம்ம யாத்ரி மற்ற மூன்றையும் விட மேல். எத்தனை சவாரி நடந்தது, ஓட்டுநர்கள் எவ்வளவு சம்பாதித்தார்கள் என்ற எண்களை யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். செயலியை இயக்கும் நிரலையும் (கோடு) யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். மற்றவர்களிடம் கட்டணம் எப்படி உருவாகிறது என்பது பூட்டிய பெட்டி.

பூட்டிய பெட்டி என்றதும் அந்த ஐபோன் பேச்சு நினைவுக்கு வருகிறது. ஒரே சவாரிக்கு ஐபோனில் ஒரு விலை, ஆண்ட்ராய்டில் ஒரு விலை என்று 2024 கடைசியில் பலர் படம் எடுத்துப் போட்டார்கள். 2025 ஜனவரியில் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் போனது. இரண்டு கம்பெனியும் மறுத்தன. நானும் என் வீட்டுக்காரருடைய ஐபோனையும் என் சாதாரண போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சில நாள் ஒன்றுபோல இருந்தது, சில நாள் அவருக்குக் கூட, சில நாள் எனக்குக் கூட. இதை வைத்து யாரையும் குற்றம் சொல்ல என்னால் முடியாது.

சரி, எதை வைத்துக்கொள்வது? பகலில் நான் மட்டும் போவதென்றால் நம்ம யாத்ரி, டிப்ஸ் பொத்தானைத் தொடாமல். பத்து நிமிடம் கிடைக்கவில்லையென்றால் ராபிடோ. கட்டணத்துக்குப் பொறுப்பேற்காத ஊபர் ஆட்டோவை நான் கூப்பிடுவதில்லை. ஓலாவை எடுத்துவிட்டேன். எந்தச் செயலியில் போனாலும் ஏறியவுடன் வண்டி எண்ணைப் படம் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பணத் தகராறு என்றால் செயலியோடு மல்லுக்கட்டாமல் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குக் கூப்பிடுங்கள், தமிழிலும் பேசலாம்.

அடுத்த வாரம் அத்தை ஊருக்குத் திரும்புகிறார். விடியற்காலை நாலரைக்குக் கிளம்பவேண்டும். ஸ்டாண்ட் அண்ணனிடம் சொல்லிவைத்துவிட்டேன். இரவுக் கணக்குப்படி மீட்டருக்கு ஒன்றரை, நடுவில் எந்தப் பொத்தானும் இல்லை. மஞ்சப்பையை இந்த முறை மடியில் வைத்துக்கொள்வதாக அத்தை சொல்லியிருக்கிறார்.