அம்மோனியத்தைப் பிடிக்கும் களிமண்: நீண்டகாலப் பயன்பாட்டில் கண்டவை

நன்னீர் மீன் தொட்டியில் மீன் கழிவிலிருந்து சேரும் அம்மோனியத்தைக் குறைப்பதற்காக, பென்டோனைட் களிமண்ணைக் குருணையாக்கி வடிகட்டிக்குள் வைத்துப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். களிமண் அம்மோனியத்தை அழிப்பதில்லை. தன் ஏடுகளுக்கு இடையே உள்ள சோடியம், கால்சியம் போன்ற நேர்மின் அயனிகளை நீரில் விட்டுவிட்டு, அந்த இடத்தில் அம்மோனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இதன் நிறைகுறைகள் எல்லாமே இந்த இடமாற்றத்திலிருந்துதான் வருகின்றன.

தூளாகவே போட்டால் பென்டோனைட் உப்பிக் கூழாகும். நீர் கலங்கி, வடிகட்டியின் பஞ்சு அடைத்துக்கொள்ளும். ஆகவே பிசைந்து உருட்டி, உலர்த்தி, அளவாகச் சுட்ட குருணையே நடைமுறைக்கு ஒத்துவருகிறது. சூடு மிஞ்சினால் ஏடுகளின் அமைப்பு குலைந்து பரிமாற்றத் திறன் போய்விடும். தட்டினால் கணீரென்று ஒலிக்கும் குருணை கரையாமல் நிற்குமே தவிர, வேலைக்கு உதவாது. விரலால் தேய்க்கும்போது லேசாக மாவு ஒட்டுகிற குருணையையே நான் தேர்ந்தெடுக்கிறேன். அதை அலசும்போது முதலில் பால்போல் கலங்கல் வரும். அது தெளியும்வரை தொட்டிக்குள் வைப்பதில்லை.

பென்டோனைட்டின் பரிமாற்றத் திறன் பொதுவாக 100 கிராமுக்கு 70 முதல் 120 மில்லி சமானம் (அயனிகளின் மின்னேற்ற அளவைக் குறிக்கும் அலகு) வரை இருக்கும். கயோலினைட் களிமண்ணுக்கோ 3 முதல் 15 வரைதான். ஒரு மில்லி சமானம் அம்மோனியம் 18 மில்லிகிராம் என்பதால், 100 கிராம் பென்டோனைட் ஒரு கிராமுக்கு மேல் பிடிக்க வேண்டும் என்று காகிதக் கணக்கு சொல்லும். தொட்டியில் அதன் சிறு பங்குதான் கிடைக்கிறது, ஏனெனில் நீரிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் பொட்டாசியமும் அதே இடங்களுக்குப் போட்டியிடுகின்றன. கடின நீரில் குருணை விரைவிலேயே பயனற்றுப் போகிறது. செடிகளுக்குப் பொட்டாசியம் உரம் இடும் தொட்டியில் இதை நம்பிப் பயனில்லை.

நீரின் அமில-காரத் தன்மையைக் காட்டும் பிஎச் அளவையும் பார்க்க வேண்டும். நீரில் அம்மோனியத்தின் ஒரு பங்கு மின்னேற்றம் இல்லாத அம்மோனியாவாக இருக்கும்; பிஎச் கூடக்கூட அந்தப் பங்கும் கூடும். 25 பாகை செல்சியஸில், பிஎச் 7 எனில் அம்மோனியா வடிவில் இருப்பது ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு, 9.25-ஐ நெருங்கும்போது சரிபாதி அம்மோனியாவாகிவிடுகிறது. மீனுக்கு நஞ்சாவது பெரும்பாலும் இந்த அம்மோனியாதான். மின்னேற்றம் இல்லாத அதை அயனிப் பரிமாற்றத்தால் பிடிக்க முடியாது. ஆக, ஆபத்து மிகுதியாக உள்ள கார நீரில்தான் களிமண்ணின் கை தளர்கிறது. வீட்டுச் சோதனைத் திரவங்கள் பெரும்பாலும் இரண்டையும் சேர்த்தே காட்டுவதால், பிஎச் அளவை அறியாமல் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவெடுக்க இயலாது.

உப்பு விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை தேவை. மீனின் நோய்க்காகத் தொட்டியில் உப்பு சேர்த்தால், சோடியம் உள்ளே புகுந்து, பிடிபட்டிருந்த அம்மோனியத்தை நீருக்கே திருப்பி விரட்டும். எனவே உப்பிடும் முன் குருணையை வெளியே எடுத்துவிடுகிறேன். தீர்ந்துபோன குருணையை அடர்ந்த உப்புக் கரைசலில் இரவு முழுதும் ஊறவைத்து அலசிப் புதுப்பிப்பதும் இதே இயல்பைக் கொண்டுதான். ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் உதிர்ந்து தூளாகிறது. புதுப்பிக்காமல் எடுத்ததைச் செடித் தொட்டி மண்ணில் கலந்துவிடுகிறேன். அம்மோனியம் அங்கே மெல்ல வெளிப்பட்டு உரமாகிறது.

அம்மோனியத்தை நீக்குவது மட்டுமே நோக்கம் என்றால் கிளினோப்டிலோலைட் என்னும் இயற்கைச் சியோலைட்டையே (நுண்துளைகள் கொண்ட கனிமம்) பரிந்துரைப்பேன். அது களிமண் அன்று. உப்பாது, உதிர்வதும் குறைவு, கால்சியத்தைவிட அம்மோனியத்தை விரும்பிப் பிடிக்கும். களிமண் குருணையை இப்போது நான் நிரந்தரமாக வைப்பதில்லை. புதுத் தொட்டியில் அது, அம்மோனியத்தை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியாக்களின் இரையைப் பறித்து அவற்றின் வளர்ச்சியைத் தாமதப்படுத்தக்கூடும். வடிகட்டி பழுதாகும்போதும், புதிய மீன்களைத் தனித்தொட்டியில் வைத்திருக்கும்போதும் மட்டும் வலைப்பையில் இட்டுத் தொங்கவிடுகிறேன்.