முன்சக்கர பேரிங் மாற்ற காகிதப்பட்டறையில் ஒரு நல்ல இடம்

ஃபோர் வீல் டிரைவ் வண்டிக்கு முன்சக்கர பேரிங் மாற்ற வேண்டுமா? வேலூர் காகிதப்பட்டறையில் பெயர்ப்பலகைகூட இல்லாத அந்தச் சின்னப் பட்டறைக்குத் தயங்காமல் போகலாம்.

என் பழைய பிக்கப் ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றிவரும் வண்டி. மழைக்காலத்தில் ஒடுகத்தூருக்கு மேலே கானாற்றில் இறங்காமல் போக வழியில்லை. வேகம் கூடக் கூட முன்பக்கம் இரைச்சல் எழுந்தது. இடப்பக்கம் திருப்பினால் அதிகரித்தது, வலப்பக்கம் திருப்பினால் அடங்கியது. இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலச் சக்கரத்தின் மேல் சாய்வதால், கோளாறு வலப்பக்கம்தான் என்று ஓட்டிப் பார்த்ததுமே மெக்கானிக் சொல்லிவிட்டார். ஜாக்கி போட்டு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். ஆடியது. பையனை பிரேக் மிதிக்கச் சொல்லி மறுபடியும் ஆட்டினார், ஆட்டம் நின்றது. அதனால் பேரிங்தான், நிற்காமல் இருந்திருந்தால் சக்கரம் திரும்ப உதவும் மூட்டான பால் ஜாயின்ட்டைப் பார்க்க வேண்டியிருக்கும் என்றார்.

சக்கரம் பூட்டப்படும் நடுப்பகுதியான ஹப்பைக் கழற்றியதும் என்னை அழைத்துக் காட்டினார். கிரீஸ் மோர்போல வெளுத்திருந்தது. ஓடிச் சூடேறிய ஹப் குளிர்ந்த நீரில் இறங்கும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, தேய்ந்த ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை இழுத்துக்கொள்கிறது. ரோலர்களில் துருப்புள்ளிகள், அவை உருளும் வெளி வளையமான கப்பில் நகம் தட்டும் அளவுக்குப் பள்ளம்.

இந்த வண்டிகளில் ஹப்பின் நடுவே ஆக்சில் போகிறது. ஆக்சிலைச் சக்கரத்தோடு இணைக்கவும் பிரிக்கவும் உதவும் லாக்கிங் ஹப்பைக் கழற்றினால்தான் பேரிங் நட்டையே தொட முடியும். அதற்குத் தனி சாக்கெட் வேண்டும். முன்பு வேறொரு பட்டறையில் அந்த சாக்கெட் இல்லாமல் உளி வைத்து அடித்தே நட்டை முறுக்கினார்கள். பழைய கப்பையும் அப்படியே விட்டுவிட்டார்கள். பேரிங்கும் கப்பும் ஜோடியாகத் தேய்பவை. ஒன்றை மட்டும் மாற்றுவது காசைக் கானாற்றில் போடுவதுதான்.

இவர் பித்தளைக் கம்பியால் பக்கம் மாற்றி மாற்றித் தட்டிப் புதிய கப்பை இறக்கினார். அடி சேர்ந்ததும் தட்டும் ஓசை கெட்டியாகிவிடுகிறது. அதைக் கேட்டுத்தான் நிறுத்தினார். பேரிங்கின் அகன்ற பக்கத்தில் கிரீஸை உள்ளங்கையால் அழுத்தி, மறுபுறம் பிதுங்கும்வரை திணித்தார். ஹப்பைச் சுழற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, மறுபடி இறுக்கினார். பிறகு வீல் போல்ட்டில் ஸ்பிரிங் தராசின் கொக்கியை மாட்டி இழுத்து, எவ்வளவு விசையில் ஹப் சுழலத் தொடங்குகிறது என்று அளந்தார். தளர்ந்தால் சக்கரம் ஆடும், இறுகினால் பேரிங் வெந்துபோகும். இந்த அளவில்தான் பேரிங்கின் ஆயுள் இருக்கிறது. இந்தப் பொறுமைக்காகவே நான் இவரைப் பரிந்துரைக்கிறேன்.

பேரிங், சீல் நாமே வாங்கித் தர வேண்டும். இரு பக்கத்துக்கும் கூலி 1,600 ரூபாய். ரசீது கிடையாது, உட்கார நிழலும் கிடையாது. சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி கொண்டுவரச் சொல்லி, நட்டைச் சரிபார்த்துக் கொடுத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை. வெளிச்சம் இருக்கும்வரைதான் வேலை, அதனால் காலையிலேயே போய்விடுங்கள்.