நாற்பது ரீம் கரும்புச் சக்கைத் தாள்: நான்கு ஆண்டு அனுபவம்

பிரிண்டரைப் பழுதுபார்க்க வந்தவர் பின்கதவைத் திறந்து, உருளைகளுக்கு நடுவே விரலை விட்டு ஒரு தாளை உருவி எடுத்தார். விசிறி மடிப்பாக மடிந்து வந்தது. கட்டைவிரலால் உருளையைத் துடைத்துக் காட்டினார். விரல் முழுக்க சாம்பல் நிறத்தில் தூள். "இயந்திரத்தில் கோளாறு எதுவும் இல்லை சார். தாளை மாற்றுங்கள்" என்றார். இதே பேச்சை அவரிடமிருந்து கேட்பது இது மூன்றாவது முறை.

அந்த வாரம்தான் நண்பர் ஒருவரும் கேட்டிருந்தார். சிறிய பதிப்பகம் ஒன்றைத் தொடங்குகிறார். "நீங்கள் மரமில்லாத் தாளைத்தானே பயன்படுத்துகிறீர்கள், நானும் அதையே வாங்கட்டுமா?" என்றார். ஒரு வரியில் பதில் சொல்ல முயன்றேன், முடியவில்லை. அதனால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

என் தொழில் மெய்ப்புத் திருத்துவது. வருகிற பிரதி ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் அச்சிட்டு, பேனாவை எடுத்து உட்கார்ந்து படிக்கிறவன் நான். ஆகவே ஒரே தாள் என்னிடம் இரண்டு சோதனைகளைக் கடக்கிறது. முதலில் லேசர் பிரிண்டரின் சூடு, அதன் பிறகு மைப்பேனா. கரும்புச் சக்கைக் கூழில் செய்த 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) தாள், ஒரே தயாரிப்பாளருடையது, நான்கு ஆண்டுகளில் ஏறக்குறைய நாற்பது ரீம் தீர்ந்திருக்கிறது. ரீமுக்கு 500 வீதம் இருபதாயிரம் தாள் என்பது ஒரு பொருளைப் பற்றிக் கருத்துச் சொல்லப் போதுமான அளவு என்று நினைக்கிறேன்.

முதலில் பேனா. இந்தத் தாளை நான் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணமே அதுதான். சாதாரண நகல் தாளில் மைப்பேனாவை வைத்தால், எழுத்தின் ஓரத்தில் மை மயிரிழைகளாகக் கசிந்து ஓடும். மெய்ப்புத் திருத்துபவனுக்கு அது பெரிய தொல்லை. வரிகளுக்கு இடையில் ஒரு புள்ளியைச் சேர்க்கிறோம், ஒரு ஒற்றைச் சேர்க்கிறோம். அந்தப் புள்ளி பரவி மேலே உள்ள எழுத்தைத் தொட்டால், தட்டச்சு செய்பவர் 'ள'வை 'ன'வாகப் படித்துவிடுவார். கரும்புச் சக்கைத் தாளில் புள்ளி புள்ளியாகவே நிற்கிறது. கூர்மையான நிப்பில் எழுதிய சந்தி எழுத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்திருக்கிறேன். ஓரம் வெட்டி வைத்தது போல் இருந்தது. நிப் தாளின் மேல் போகும்போது உரசும் ஓசையும் இல்லை. பத்து மணி நேரம் திருத்திய நாளில் மணிக்கட்டு அந்த வித்தியாசத்தை உணர்கிறது. இதைவிட விலையுயர்ந்த தாள்களிலும் எழுதிப் பார்த்திருக்கிறேன், இந்தச் சுகம் கிடைக்கவில்லை.

அடுத்தது எரிச்சல். ஒரு பக்கம் அச்சாகி, தாள் திரும்பி இரண்டாவது பக்கத்துக்காக உள்ளே போகும்போது சிக்குகிறது. எப்போதும் அல்ல. மழை பெய்து காற்றில் ஈரம் ஏறிய நாட்களில் நூறு தாளுக்கு இரண்டு மூன்று என்ற கணக்கில் சிக்கும். முன்னூறு பக்கப் பிரதியை அச்சுக்குக் கொடுத்துவிட்டு எழுந்து போக முடியாது. பக்கத்திலேயே நிற்க வேண்டும். சிக்கிய தாளை எடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினால் பக்க வரிசை மாறிப்போகும். ஒரு முறை 118ஆம் பக்கம் இல்லாமலே ஒரு பிரதியைத் திருத்தி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

அச்சாகி வெளியே வரும் தாளைத் தட்டையான மேசையில் வைத்துப் பாருங்கள். நான்கு மூலைகளும் மெல்ல எழும்பும். வெயில் பட்ட இலைபோல் சுருள்கிறது. இன்னொரு குறை, வெளிச்சத்தில் தாளைத் தூக்கிப் பிடித்தால் பின்பக்க எழுத்து நிழலாகத் தெரிகிறது. பேனா மை பின்பக்கத்துக்கு ஊறுவதில்லை, ஆனால் நிழல் விழுகிறது. கண் பழக ஒரு மாதம் பிடித்தது.

ஏன் இப்படி என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு இந்தத் தாளின் மேல் மரியாதை வந்தது. பைன் போன்ற மென்மரத்தின் நார் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர் நீளம். கரும்புச் சக்கையின் நார் அதில் பாதிதான். நார் குட்டையானால் தாளின் கிழிபடாத் திறன் குறையும். ஆனால் சக்கை நாரில் ஹெமிசெல்லுலோஸ் என்ற பொருள் கூடுதல். கூழை அரைக்கும்போது அது நார்களைப் பசைபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள வைக்கிறது. இடைவெளி இல்லாமல் நெருங்கிப் படிகிற நார்களுக்கு நடுவே மை நுழைந்து ஓட வழி குறைவு. மேலே பூசும் பசைப்பொருளுக்கும் இதில் பங்கு உண்டு. அதே நெருக்கத்தால் ஒளியைச் சிதறடிக்கும் காற்றிடைவெளியும் குறைகிறது, பின்பக்கம் தெரிகிறது. அதே ஹெமிசெல்லுலோஸ் ஈரத்தையும் விரும்பி உறிஞ்சும். ஈரம் குடித்த தாள் பிரிண்டருக்குள் 180 டிகிரியைத் தாண்டிய உருளையில் அழுந்தும்போது ஒரு முகம் சட்டென்று காய்கிறது, மறுமுகம் காயவில்லை, தாள் சுருள்கிறது. அதாவது என் பேனாவுக்குக் கிடைத்த வரமும் பிரிண்டருக்கு வந்த வினையும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. ஒன்றை எடுத்துவிட்டால் மற்றதும் போய்விடும்.

தூளுக்கும் காரணம் உண்டு. கரும்புத் தண்டின் நடுவே பஞ்சுபோல் இருக்கும் சோற்றுப் பகுதி, சக்கையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அதில் நார் இல்லை, தண்ணீரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆலைகள் கூழ் காய்ச்சுவதற்கு முன்பே அதை உதிர்த்துப் பிரித்துவிடுகின்றன. முழுவதும் பிரியாமல் தங்கிய மிச்சம்தான் தாளின் மேற்பரப்பிலிருந்து உதிர்ந்து உருளையில் படிகிறது. தொழில்நுட்பர் காட்டிய கட்டைவிரலில் இருந்தது பெரும்பாலும் அதுதான் என்பது என் ஊகம்.

காரணம் தெரிந்ததும் வழியும் தெரிந்தது. ரீமின் உறையை முழுவதும் கிழிக்காமல், அன்றைக்கு வேண்டிய தாளை மட்டும் எடுத்து, மிச்சத்தை மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியில் வைக்கிறேன். அச்சு அமைப்பில் 'மெல்லிய தாள்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் உருளையின் சூடு குறைகிறது. அதைச் செய்த பிறகு சுருள்வது பாதியாகிவிட்டது. தட்டில் வைக்கும் முன் தாள்கட்டை விசிறிவிட்டு, ஒரு முறை புரட்டி வைக்கிறேன். மாதத்துக்கு ஒரு முறை உருளையை ஈரத்துணியால் துடைக்கிறேன். இவ்வளவும் செய்தும் அடைமழை நாளில் சிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதைத் தாங்கிக்கொள்கிறேன்.

பயிர்த் தண்டில் செய்த காகிதம் புதிய கண்டுபிடிப்பு என்று விளம்பரங்கள் சொல்வதை மட்டும் ஏற்க முடியவில்லை. கி.பி. 105இல் சீன அரசவைக்குக் காகிதத்தைக் காட்டியதாகச் சொல்லப்படும் சாய் லுன், மரப்பட்டையோடு சணலும் கந்தல் துணியும் பழைய மீன்வலையும் சேர்த்துத்தான் கூழ் செய்தார். மரத்தை அரைத்துக் கூழாக்கும் முறையை ஜெர்மனியின் கெல்லர் கண்டது 1840களில். அதற்கு முன்பே, 1800இல், மத்தியாஸ் கூப்ஸ் என்பவர் லண்டனில் வைக்கோல் காகிதத்தில் ஒரு புத்தகத்தையே அச்சிட்டார். பெரிய ஆலையும் கட்டினார். சில ஆண்டுகளில் அது நொடித்துப்போனது. மரம்தான் நடுவில் வந்தது. ஆகவே இந்தத் தாளைப் பழைய வழிக்குத் திரும்புவது என்று சொன்னால் எனக்கு மகிழ்ச்சி. புதுமை என்று சொன்னால் நெருடுகிறது.

இதே தயாரிப்பாளரின் வெளுக்காத பழுப்பு நோட்டுப் புத்தகமும் வாங்கினேன். ஜன்னலோரம் வைத்த அட்டையில், மேலே புத்தகம் இருந்த இடம் தவிர மற்ற இடமெல்லாம் சில மாதங்களில் நிறம் மாறிவிட்டது. நார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின் என்ற பொருள் முழுவதும் நீக்கப்படாத கூழுக்கு வெளிச்சம் ஆகாது. நான்கு ஆண்டுக்கு முன் அச்சிட்ட வெள்ளைத் தாள் அலமாரியில் அப்படியே இருக்கிறது.

இதுவரை எழுதியதைப் படித்தால் வாங்கச் சொல்கிறேன் என்றுதான் தோன்றும். நானும் போன மாதம் வரை அப்படித்தான் இருந்தேன். மாற்றியது தாள் அல்ல, அதன் உறை.

உறையில் மூன்று வாசகங்கள் இருக்கின்றன. மரங்களை வெட்டாதது. விவசாயக் கழிவிலிருந்து செய்தது. நேர்மையான வணிகத்தில் பெற்றது. முதல் வாசகத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவதில் 'கழிவு' என்ற சொல் உறுத்துகிறது. நசுக்கிய கரும்பின் எடையில் ஏறக்குறைய 30 விழுக்காடு ஈரச் சக்கையாக வெளியே வருகிறது, அதில் பாதி தண்ணீர். சர்க்கரை ஆலை அதைக் குப்பையில் கொட்டுவதில்லை. தன் கொதிகலனில் எரித்துத்தான் நீராவியும் மின்சாரமும் எடுக்கிறது. காகிதத்துக்காக அந்தச் சக்கையைத் தூக்கிக்கொண்டு போனால், கொதிகலனுக்கு வேறு எரிபொருள் வேண்டும். அது நிலக்கரியா, வேறு பயிர்த் தண்டா? காகிதத்துக்கு வைக்கோலை எடுத்தாலோ, அது மாட்டுக்குத் தீவனம். அறுவடை முடிந்து வயலில் எரிக்கப்படும் வைக்கோலைக் காகிதமாக்கினால் காற்றுக்கு நல்லது, அதை மனமாரப் பாராட்டுவேன். மாட்டுக்குப் போகும் வைக்கோலை விலைக்கு வாங்கிக் கழிவு என்று பெயர் வைத்தால் அது வேறு.

மூன்றாவது வாசகம்தான் என் கோபம். யாரிடம் நேர்மை? கரும்பு விளைவித்தவருக்குச் சக்கைக்கென்று தனியாக ஏதாவது கிடைத்ததா? சக்கையைக் குவித்து, நனைத்து, பிரிக்கும் இடத்தில் அந்தத் தூளைச் சுவாசிக்கும் தொழிலாளிக்கு முகக்கவசம் உண்டா? பழைய சக்கைத் தூளைச் சுவாசித்து வரும் நுரையீரல் நோய்க்கு மருத்துவத்தில் 'பகாசோசிஸ்' என்று தனிப் பெயரே இருக்கிறது. கூழ் காய்ச்சிய கருந்திரவத்தை எரித்துக் காஸ்டிக் சோடாவை மீட்கிறார்களா, அல்லது ஆற்றில் விடுகிறார்களா? பயிர்த் தண்டில், அதிலும் நெல் வைக்கோலில், மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் அதிகம். அது மீட்புக் கருவியின் குழாய்களில் கல்போல் படிவதால் சிறு ஆலைகளுக்கு இந்த மீட்பு எளிதல்ல. அதனாலேயே கேட்க வேண்டிய கேள்வி இது. எஃப்.எஸ்.சி. (வனப் பொறுப்பாண்மைக் குழு) முத்திரையும் இதற்குப் பதில் சொல்லாது. அது காட்டுக்கான முத்திரை, காட்டுக்கு வெளியே விளைந்த நாரை நடுநிலைப் பொருளாகத்தான் கணக்கில் எடுக்கிறது. உலக நேர்மை வணிக அமைப்பு வகுத்த 10 நெறிகளில் வெளிப்படைத்தன்மையும் ஒன்று, நியாயமான ஊதியமும் ஒன்று. உறையில் அந்த அமைப்பின் அடையாளமும் இல்லை, வேறு எவருடையதும் இல்லை. வெறும் வாசகம்.

இந்தக் கேள்விகளை மரியாதையாக எழுதி அனுப்பினேன். மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. வண்ணப் படங்களோடு ஒரு விளம்பரக் கோப்பு. அதில் ஒரு டன் தாளுக்கு 17 மரம் காப்பாற்றப்படுகிறது என்ற வரி. மறுசுழற்சித் தாளைப் பற்றிப் பல காலமாகச் சொல்லப்பட்டு வரும் அதே எண். சக்கை எந்த ஆலையிலிருந்து வருகிறது என்பதற்குக்கூடப் பதில் இல்லை.

தாள் சிக்கியபோது காரணம் தேடினேன், கிடைத்தது, பொறுத்துக்கொண்டேன். பின்பக்கம் தெரிந்ததற்கும் காரணம் கிடைத்தது. இதற்கு மட்டும் யாரும் காரணம் சொல்லவில்லை. நல்ல பொருளைச் செய்கிறவர்கள், அதைச் செய்த கைகளைப் பற்றிக் கேட்டால் மரத்தின் எண்ணிக்கையைச் சொல்வது எனக்குத் தாங்கவில்லை.

ஆகவே நண்பருக்குச் சொல்கிறேன்: இப்போது வாங்காதீர்கள். பயிர்த் தண்டுக் காகிதம் வேண்டும் என்றால், எங்கிருந்து நார் எடுக்கிறோம் என்று எழுதித் தருகிற ஆலையைத் தேடுங்கள். அவர்கள் தாள் இதைவிடச் சற்று மட்டமாக இருந்தாலும் அதையே எடுங்கள். அச்சிடும் முன் ஒரு ரீமை மழை நாளில் சோதித்துப் பாருங்கள்.

என் அலமாரியில் இன்னும் இரண்டரை ரீம் இருக்கிறது. தயாரிப்பாளருக்கு இரண்டாவது கடிதத்தை நேற்று கையால் எழுதினேன், அவர்கள் தாளிலேயே, இரண்டு பக்கமும். அதே கேள்விகள். மை எங்கும் பரவவில்லை. பின்பக்க நிழல் மட்டும் லேசாகத் தெரிகிறது.