பழைய எண்ணெய் எடுக்கும் சேவை: கணக்கு சுத்தம், வண்டிதான் தாமதம்

மதுரையில் காரக்கடை வைத்திருக்கிறேன். காராசேவு, சீவல், மிக்சர் என்று எண்ணெய்ச் சட்டி இறங்காத கடை. பொரித்துக் கழித்த எண்ணெயை பயோடீசல் செய்ய எடுத்துப்போகும் ஒரு நிறுவனத்துக்குத்தான் இப்போது கொடுக்கிறேன். குறையும் சொல்லப்போவதால் பெயர் வேண்டாம்.

விலை சுமார்தான். ரோட்டோரக் கடைகளுக்கு வாங்கி விற்பவர்கள் இதைவிடக் கூடவே தருவார்கள். அது மறுபடி யார் சட்டியில் ஏறும் என்று நமக்குத் தெரியாதா என்ன? எண்ணெயில் டி.பி.சி, அதாவது திரும்பத் திரும்பப் பொரிப்பதால் சேரும் கெட்ட சேர்மங்களின் அளவு, 25 சதவீதத்தைத் தாண்டினால் பொரிக்கக் கூடாது என்று 2018 ஜூலையிலிருந்தே விதி இருக்கிறது. அதிகாரி வந்து கேட்டால் காட்ட இவர்கள் தரும் ரசீது கையில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது இவர்கள் சோதிக்கும் விதம். வண்டியில் வரும் தம்பி கேனின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்து, ஆல்கஹாலில் கலக்கி, நிறம் மாறிக் காட்டும் பினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, அமிலத்தை முறிக்கும் காரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக இறக்குகிறார். இளஞ்சிவப்பு வந்து நிற்கும்வரை எவ்வளவு காரம் இறங்கியதோ, அதை வைத்து எண்ணெயில் இருக்கும் அமிலத்தைக் கணக்குப் போடுகிறார். விலையும் அதைப் பொறுத்துத்தான்.

காரணம் கேட்டால் பொறுமையாகச் சொல்கிறார். எண்ணெயில் அமிலம் குறைவென்றால், பயோடீசலாக்க மெத்தனாலோடு நேரே காரத்தைச் சேர்த்துவிடலாம். இரண்டு சதவீதத்துக்கு மேல் போனால் காரம் அதைச் சோப்பாக்கிவிடும். பயோடீசலும் கூடவே உண்டாகும் கிளிசரினும் பிரியாமல் கூழாகக் கிடக்கும். அதனால் முதலில் மெத்தனாலோடு கொஞ்சம் கந்தக அமிலம் விட்டு, 60 டிகிரிச் சூட்டில் கலக்குகிறார்கள். எண்ணெயில் இருக்கும் அந்தக் கொழுப்பமிலம் அங்கேயே பயோடீசலாக மாறிவிடுகிறது, காரம் அப்புறம்தான். கறிக்கடையில் கழியும் கோழிக் கொழுப்பு கெட்டு அமிலம் ஏறியிருந்தால் அதற்கும் இதே வழிதான். ஆனால் கந்தக அமிலம் வேலை செய்யும்போதே தண்ணீரும் உண்டாகி, மேற்கொண்டு மாறவிடாமல் தடுக்கும். நாம் கொடுக்கும் எண்ணெயிலும் தண்ணீர் இருந்தால் இன்னும் மோசம். அதனால் தண்ணீருக்கு விலையில் கழிப்பதில் எனக்கு வருத்தமில்லை. கேனை மழையில் வைக்காமல், மூடியை இறுக்கினால் போதும்.

வருத்தமெல்லாம் வண்டி மேல்தான். செவ்வாய் என்றால் வியாழன் வரும். பதிலுக்குத் தரும் காலி கேனின் அடியில் பழைய கசடு பிசுபிசுவென ஒட்டியிருக்கும். செயலி முழுக்க ஆங்கிலம். கடைப் பையனைக் கூப்பிடாமல் ஒன்றும் ஓடாது.

தனி பஜ்ஜிக் கடைக்கு இது சரிப்படாது, அரை டிரம் சேராமல் வரமாட்டார்கள். நாலு கடை சேர்ந்து ஒரே இடத்தில் வைத்தால் எடுத்துக்கொள்கிறார்கள். தீபாவளி நேரத்தில் மட்டும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.