கிணற்றுக் கப்பியும் என் வலது தோளும்

ஐந்து கிழமை லீவில் யாழ்ப்பாணம் போனேன், வலது கையைத் தலைக்கு மேலே தூக்க முடியாமல்தான் விமானம் ஏறினேன். சட்டை போடக்கூட மனைவி வேண்டும். ஃபுரோசன் ஷோல்டர், அதாவது தோள்மூட்டு இறுகிப்போகிற வருத்தம் என்று லண்டன் டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார், ஆனால் அங்கத்தைய அரச மருத்துவ சேவையான என்எச்எஸ்ஸில் சிகிச்சைக்கு என் முறை வர இன்னும் இரண்டு மாதம் கிடந்தது. சீனி வருத்தக்காரருக்கு இது கூடுதலாக வரும், எனக்கு அதுவும் உண்டு.

வந்த மறுநாளே மாமி, "தம்பி, எண்ணெய் போட்டு உருவினால் சரியாப் போயிடும்" என்று நொச்சி இலை ஒத்தணத்தோடு தொடங்கிவிட்டா. பொய் சொல்லக்கூடாது, அன்றிரவு நல்ல நித்திரை. கை மட்டும் ஒரு அங்குலமும் கூட உயரவில்லை.

பிறகு நகரத்தில் ஒரு தனியார் இடம். டென்ஸ் என்கிற, தோல் வழியாக மின்துடிப்பு கொடுக்கும் மெஷினின் வயர்களைத் தோளில் ஒட்டிவிட்டு, இருபது நிமிடம் ஃபோன் பார்க்க விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்த மின்துடிப்பு நோவைக் கொஞ்ச நேரம் மறைக்கும், இறுகின மூட்டை இளக்காது. மூன்று நாள் காசு கட்டினேன், என் கையை ஒருவரும் தொட்டுப் பார்க்கவே இல்லை.

கடைசியில் என்னோடு படித்தவன்தான் கொக்குவிலில் ஒரு இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) கூட்டிப்போனான். அந்தப் பிள்ளை முதலில் என்னையே கையைத் தூக்கச் சொன்னா, பிறகு தானே என் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தா. "ரெண்டு தரமும் ஒரே இடத்திலதான் நிக்குது அண்ணை, மூட்டைச் சுத்தின உறை சுருங்கியிருக்கு." கோணமானியில் 95 பாகை, நல்ல தோள் 180 வரை போகும்.

குனிந்து நின்று கையை ஊசல்போல ஆட்டுவது, சுவரில் விரலால் ஏறுவது, முதுகுக்குப் பின்னால் துவாயை இழுப்பது எல்லாம் சொல்லித் தந்துவிட்டு, "வீட்டுக் கிணத்தில கப்பி இருக்கா?" என்று கேட்டா. இருந்தது. கயிற்றின் ஒரு நுனியை நல்ல கை கீழே இழுக்க, மற்ற நுனியைப் பிடித்த நோகிற கை தானாக மேலே போகும், தாங்கக்கூடிய இழுவையில் பத்து எண்ணும்வரை நிறுத்தவேண்டும், ஒரு நாளைக்கு மூன்று தரம்.

அலுப்பாயிருக்கு என்று நண்பனிடம் புறுபுறுத்தேன். அவன் போரில் ஒரு கால் இழந்தவன், போட்டிருப்பது ஜெய்ப்பூர் கால் என்கிற செயற்கைக் கால், இறப்பர் பாதம், வெறுங்காலோடு கிணற்றடியில் குந்தவும் முடியும். "எனக்குக் கால் பூட்டினது ஒரு நாள், நடக்கப் பழகினது மூண்டு மாசம்" என்றான். அதுக்குப் பிறகு நான் வாயே திறக்கவில்லை.

திரும்புகிற கிழமை அளந்தபோது 135. இன்னும் முதுகு சொறிய எட்டாது. சந்தையில் ஒரு சின்னக் கப்பியும் கயிறும் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன், லண்டன் வீட்டில் எந்தக் கதவில் கொழுவுவது என்று மனைவியோடு இன்னும் பேச்சு முடியவில்லை.