ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைப் பிரிக்கக் கொடுக்கிறீர்களா? என் 85,000 ரூபாய் போன கதையைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் "போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன்.

செகண்ட் ஹேண்டில் வாங்கிய கார். இரண்டிலிருந்து மூன்றாவது கியருக்கு மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமும், வண்டி வேகம் எடுக்காது. ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் மட்டுமே பார்ப்பதாக போர்டு மாட்டியிருந்த ஒரு ஒர்க்‌ஷாப்பில் கொடுத்தேன். முழு ஓவர்ஹால் 85,000 ரூபாய், ஆறு மாத வாரண்டி. வாரண்டி வாயால்தான்.

மூன்றாம் நாள் ஓனர் கூப்பிட்டுக் காட்டினார். அங்கேதான் விழுந்தேன். பேப்பர் விரித்து, கழுவித் துடைத்த பாகங்களை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார். "டிரம், ஸ்டீல் பிளேட், பம்ப் எல்லாம் ஜம்முனு இருக்கு சார். இதையும் மாத்தச் சொல்லி உங்க காசைக் கரைக்க மனசு வரல. கிளட்ச் பிளேட்டும் சீல் கிட்டும் மட்டும் புதுசு போடறேன்." எனக்கு உருகிவிட்டது. டீ வேறு வாங்கித் தந்தார். கிளட்ச் பிளேட்டுகளுக்கு நடுவே உட்காரும் ஸ்டீல் பிளேட்டுகளில் இரண்டில் நீலமும் கறுப்புமாகத் திட்டுகள் தெரிந்தன. கேட்டேன். "ஆயில் கறை சார், எவ்வளவு தேய்ச்சாலும் போகாது." சரி என்று தலையாட்டினேன்.

ஆயில் கறை நீலமாகவா இருக்கும்? சூடேறி இரும்பு வெந்த அடையாளம் அது. அதோடு புது கிளட்ச் பிளேட்டைச் சேர்த்துப் போட்டால் அதுவும் சீக்கிரம் கருகும். பத்தொன்பதாம் நாள் வண்டி மறுபடி நின்று, வேறொரு மெக்கானிக் பிரித்தபோதுதான் இது எனக்குத் தெரிந்தது. ஆயில் கறுத்துப்போய், தீய்ந்த வாடை. அடித்தட்டில் இருக்கும் காந்தத்தில் மை போலக் கொஞ்சம் ஒட்டியிருப்பது சகஜமாம். என்னுடையதில் மினுமினுவென்று இரும்புத் துணுக்குகள். பம்ப் முகத்தில் நகத்தை ஓட்டிப் பார்க்கச் சொன்னார். கீறலில் நகம் மாட்டி நின்றது. எஞ்சின் சுழற்சியை எண்ணெய் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரைக் கவிழ்த்தால் அதே கறுப்பு எண்ணெய். கழுவியதைத்தான் அந்த மகராசன் "செக் பண்ணியாச்சு" என்றிருக்கிறார். 85,000 ரூபாய் சார், கழுவுவதற்கு!

ஓனருக்குப் போன் போட்டால், முதல் போனில், "புது பிளேட் செட் ஆகணும், 500 கிலோமீட்டர் ஓடட்டும்." அடுத்தது, "சென்சாரா இருக்கும், எலக்ட்ரீஷியனைப் பாருங்க." அப்புறம், நான் மேட்டில் ஓட்டும் விதமே தப்பாம். பில் கேட்டதற்கு ஒரு துண்டுச் சீட்டு: "கியர்பாக்ஸ் வேலை 85,000." எது புதுசு, எது பழசு, ஒரு வரி இல்லை.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. நீலத் திட்டு விழுந்த ஸ்டீல் பிளேட்டைத் திரும்ப மாட்ட விடாதீர்கள். கழற்றிய பழசையெல்லாம் கையில் கேட்டு வாங்குங்கள். கன்வெர்ட்டரையும், கியர்பாக்ஸ் எண்ணெய் ஆறுவதற்காகப் போய்வரும் குழாயான கூலர் லைனையும் என்ன செய்தார்கள் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள். முன்பணம் பாதிக்கு மேல் வேண்டாம். நான் முழுசாகக் கொடுத்தேன், டீ குடித்த கையோடு.

இதை எழுதும்போது இன்னொரு முறை போன் அடித்துப் பார்த்தேன். "ஓனர் ஊர்ல இல்ல சார்" என்றார். ஓனரேதான்.